காற்றுப் புறம்போக்கு

செல்லூரில் விசைத்தறி ஓடும் வீட்டில் டெலிபோன் மணி அடிப்பதும் ஒன்றுதான், அடிக்காமல் கிடப்பதும் ஒன்றுதான். துளசிராம் வீட்டில் ஆறு தறி. பின்கட்டுத் தகரக் கொட்டகைக்குள் ஆறும் சேர்ந்து ஓடினால், பக்கத்தில் நிற்பவர் என்ன சொல்கிறார் என்பதை வாயசைப்பைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். டெலிபோனோ முன்னறையில் சாமி படங்களுக்குக் கீழே இருந்தது. துண்டு வாங்கும் கரூர் வியாபாரி ஒருநாள் நாலு தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, ஐந்தாம் தடவை எடுத்த துளசிராமிடம், "என்னண்ணே, குடும்பத்தோட காசிக்குப் போயிட்டீங்களா?" என்று கேட்டார். ஆர்டரை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டதாகவும் சொன்னார். அன்று சாயங்காலமே துளசிராம் டவுன்ஹால் ரோட்டுக்குப் போய் ஒரு கார்ட்லெஸ் போன் வாங்கி வந்துவிட்டார். தொண்ணூற்றொன்பது ஜனவரி அது.

போனை வாங்கியவர் அவர். ஆண்டவள் அவர் மனைவி ரங்கநாயகி. தறிக்கு வேண்டிய ஊடை நூலைச் சுற்றிக் கொடுப்பது அவள் வேலை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இருபத்தாறு வருஷமாக அந்தச் சத்தத்துக்குள்தான் உட்கார்ந்திருக்கிறாள். அப்படி உட்கார்ந்திருப்பவர்களுக்குப் பேச்சுப் பசி என்று ஒன்று உண்டு. கார்ட்லெஸ் வந்ததும் அந்தப் பசிக்குச் சோறு கிடைத்தது. ரிசீவர் செங்கல் கனம். ஏரியலை இழுத்தால் ஒரு முழம் வரும். அதை இடுப்பில் செருகிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய், சாயம் போட்ட நூலைக் கொடியில் விரித்தபடியே பரமக்குடி அக்காவோடு பேசுவாள். பேச்செல்லாம் சௌராஷ்டிரத்தில்தான். அந்த வீட்டார் தங்களுக்குள் பேசிக்கொள்வது எப்போதும் அந்தப் பாஷையில். இங்கே நமக்குப் புரியட்டும் என்று தமிழில் வருகிறது.

ஒரு சுவர் தள்ளிப் பக்கத்து வீடு ஜோசபின் டீச்சருடையது. சொந்த வீடில்லை, வாடகைதான். ஆனால் இருபது வருஷமாக இருப்பவர்களை வாடகைக்காரர் என்று யார் சொல்வார்கள்? மிஷன் பள்ளிக்கூடத்தில் முப்பத்திரண்டு வருஷம் ஒன்றாம் வகுப்பு எடுத்துவிட்டு, போன வருஷம்தான் ஓய்வு பெற்றிருந்தார். கணவர் இன்னாசிமுத்து அதே பள்ளி அலுவலகத்தில் கிளார்க்காக இருந்தவர். செல்லூரில் நெசவு வீட்டுப் பிள்ளைகள் ஒன்றாம் வகுப்புக்கு வரும்போது பாதிப் பேருக்குத் தமிழ் அரைகுறையாகத்தான் வரும். "டீச்சர், பாணி" என்று அழுதுகொண்டு நிற்கும். "தண்ணி வேணும்னு சொல்லு, தாரேன்" என்பார் ஜோசபின். சொன்ன பிறகுதான் டம்ளரை நீட்டுவார். ரங்கநாயகியின் மகள் ஹம்சவேணி தமிழ் படித்ததும் அப்படித்தான். இத்தனை வருஷத்தில் ஜோசபின் வாயிலிருந்து ஒரு சௌராஷ்டிர வார்த்தை வந்து யாரும் கேட்டதில்லை.

கிறிஸ்துமஸுக்கு அங்கிருந்து அச்சு முறுக்கு வரும். புரட்டாசி சனிக்கிழமைக்கு இங்கிருந்து புளியோதரை போகும். அந்தக் கிறிஸ்துமஸுக்கு மஸ்கட்டிலிருந்து லீவில் வந்த மகன் ஜெரால்ட், அம்மாவுக்கு ஒரு கார்ட்லெஸ் போன் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருந்தான். ஆக, ஒரே மாதத்துக்குள் சுவருக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று.

மாசி மாதத்தில் ஒரு நாள் ரங்கநாயகி நூல்கடைக்குப் பேச ரிசீவரை எடுத்தாள். உள்ளே கொரகொரவென்று ஒரு சத்தம். அதற்குள்ளிருந்து ஜோசபின் குரல். "...மீன் வாங்கினா வயித்துக்கு ஆக மாட்டேங்குது அவருக்கு. கொழுப்பு ஆகாதுன்னுட்டார் டாக்டர்" என்று திண்டுக்கல் தம்பியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். ரங்கநாயகி பயந்துபோய் ரிசீவரைக் கீழே வைத்தாள். பிறகு மறுபடி எடுத்துக் கேட்டாள்.

போன் விற்ற கடையில் ரிப்பேர் பார்க்கும் நல்லகாமனைத் துளசிராம் கூட்டி வந்தார். அவன் செட்டைத் திறந்து பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"செட்டுல ஒண்ணுமில்லண்ணே. உங்களுதும் அவுகளுதும் ஒரே அலைவரிசை. அம்புட்டுத்தான்."

"அதெப்படிப்பா? நாங்க காசு குடுத்து வாங்கின போன்ல அவுக பேச்சு எப்படி வரும்?"

"காசு போனுக்குத்தானண்ணே குடுத்தீக, காத்துக்கா குடுத்தீக? இப்ப ரேடியோ ஸ்டேசன் இருக்கு, போலீஸ் வயர்லெஸ் இருக்கு. அதுக்கெல்லாம் கவர்மெண்ட்ல இடம் அளந்து குடுத்திருக்கு. அதுக்குள்ள வேற ஆள் போகப்படாது. இந்த மாதிரி சின்னச் சாமானுக்கு யாரும் லைசென்ஸ் கேக்குறதில்ல. பொது இடம். புறம்போக்குன்னு வச்சுக்கங்களேன். யார் வேணா மாடு கட்டலாம். அடுத்தவன் மாடு முட்டுதுன்னு போய் யாருகிட்டயும் மனுக் குடுக்க முடியாது."

"அப்ப என்னதான் செய்ய?"

"உள்ள கிறிஸ்டல்னு ஒண்ணு இருக்கும். அத மாத்திட்டா நீங்க வேற இடத்துக்குப் போயிரலாம். மதினிகிட்ட குடுத்து விடுங்க, கடையில வச்சு ஒரு மணி நேரத்துல மாத்தித் தாரேன்." அவன் செட்டை மூடிக்கொண்டே ரங்கநாயகியைப் பார்த்தான். "அதுவரைக்கும் பாத்துப் பேசுங்க மதினி. நீங்க கேக்குற மாதிரி அவுகளும் கேப்பாக."

"கேட்டாக் கேக்கட்டும். கேட்டாப் புரிய வேணாமா?" என்றாள் ரங்கநாயகி. துளசிராமும் சிரித்துவிட்டார். அவர்கள் பாஷை அவர்களுக்குப் பூட்டு. பஸ்ஸில், கல்யாண வீட்டில், துணிக்கடையில் விலை பேசும்போது, எதிரே இருப்பவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே அவரைப் பற்றிப் பேசிக்கொள்ளலாம். பிறந்ததிலிருந்து அந்தப் பூட்டை நம்பியே வாழ்ந்தவர்கள்.

கிறிஸ்டல் மாற்றப் போகவில்லை. துளசிராம் இரண்டு தடவை ஞாபகப்படுத்தினார். "நாளைக்குக் கொண்டு போறேன்" என்றாள். பிறகு அவரும் மறந்துவிட்டார். அவள் மறக்கவில்லை. காலை பதினொரு மணிக்கு இன்னாசிமுத்து நூலகத்துக்குப் பேப்பர் படிக்கப் போனதும் ஜோசபின் போனை எடுப்பார் என்பது அவளுக்குப் பாடமாகிவிட்டது. பதினொன்றுக்கு நூல் காயப் போட மாடிக்குப் போவாள். கொடியில் ஏற்கனவே காய்ந்துகொண்டிருக்கும் நூலையே எடுத்துத் திருப்பித் திருப்பிப் போடுவாள். தப்பு என்று தெரியாமலில்லை. காதுக்கு வந்து விழுவதை நானா கூப்பிட்டேன் என்று தனக்குத் தானே ஒரு நியாயமும் வைத்திருந்தாள்.

சித்திரை வெயிலில் மாடித் தளம் காலைப் பொசுக்கிய ஒரு நாளில்தான் ஜெரால்ட் விஷயம் காதில் விழுந்தது. மஸ்கட்டில் அவன் ஓட்டிய வண்டி ஒரு ஆளின் மேல் ஏறிவிட்டது. ஆள் செத்துப்போனார். ஜெரால்ட் ஜெயிலில். அங்கே அவனோடு வேலை பார்க்கும் ஒருவன்தான் கூப்பிட்டுச் சொல்லிக்கொண்டிருந்தான். ஜோசபின் அழவில்லை. "எத்தன மாசம் ஆகும் தம்பி?" என்று மட்டும் கேட்டார். பிறகு, "அவருக்குத் தெரிய வேண்டாம். ஏற்கெனவே ஒரு தடவ நெஞ்சு வலி வந்தவர். நீ பதினொரு மணிக்கே கூப்பிடு" என்றார்.

அன்று சாயங்காலம் இன்னாசிமுத்து வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார். ரங்கநாயகியைப் பார்த்ததும், "ஜெரால்ட் இன்னைக்குப் பேசுனானாம்மா. நான் இல்லாத நேரம் பாத்துத்தான் கூப்பிடுறான். புது சைட்டுக்கு மாத்திட்டாங்களாம், சம்பளமும் கூடவாம்" என்றார். உள்ளே நின்ற ஜோசபின், நிமிராமல் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். "நல்லது சார்" என்று சொல்லிவிட்டு ரங்கநாயகி வீட்டுக்குள் வந்துவிட்டாள். அக்காவிடம்கூட இதைச் சொல்லவில்லை. அவளைக் கெட்டவள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அந்த ரகசியத்தை ஆவணி வரைக்கும் அவளும் காத்தாள்.

அவளுக்கும் ஒன்று இருந்தது காக்க. ஹம்சவேணிக்கு இருபத்திரண்டு வயது. தல்லாகுளத்தில் ஒரு கணினி மையத்தில் வேலை. பத்தொன்பதாவது வயதில் அவளுக்கு மூன்று தடவை வலிப்பு வந்தது. நரம்பு டாக்டர் மாத்திரை கொடுத்தார். இரண்டு வருஷமாக வரவில்லை. ராத்திரி சாப்பிட்டதும் எட்டு மணிக்கு ஒரு மாத்திரை, அவ்வளவுதான். ஆனால் பெண் பார்க்க வருகிற இடத்தில் அதை எப்படிச் சொல்வது? சொந்தக்காரர்களுக்குத் தெரியாமல் பொத்திப் பொத்தி வைத்திருந்தார்கள்.

"எனக்கு மறைக்கிறது பிடிக்கலம்மா. சொல்லித்தான் பாப்போமே" என்றாள் ஹம்சவேணி.

"சொன்னா அடுத்த படி ஏற மாட்டாக. ஒரு குழந்த பொறந்துட்டா எல்லாம் சரியாப் போயிரும்."

"டாக்டர் அப்படிச் சொல்லலையே."

"டாக்டரா உன்னக் கட்டிக் குடுக்கப் போறாரு?"

இதையெல்லாம் ரங்கநாயகி பரமக்குடி அக்காவிடம் கொட்டுவாள். மாடியில், ஏரியலை முழுசாக இழுத்துவிட்டுக்கொண்டு. "அக்கா, நிச்சயம் ஆயிருச்சுன்னா மாத்திரையைக் கொஞ்ச நாளைக்கு நிப்பாட்டிரலாமான்னு யோசிக்கிறேன். மாத்திரை டப்பாவும் கையுமாப் போய்ப் புகுந்த வீட்ல எறங்குனா கேக்க மாட்டாகளா?" என்று ஒருநாள் சொன்னாள். அக்கா, "ரெண்டு வருசம் வரலேல்ல, ஒண்ணும் ஆகாது" என்றாள். இடையில் லைனில் ஒரு கொரகொரப்பு வந்து போனது. ரங்கநாயகி அதைக் கண்டுகொள்ளவில்லை.

ஆவணியில் காமராஜர் சாலைப் பக்கமிருந்து ஒரு இடம் வந்தது. மாப்பிள்ளை வெங்கடேஷ்பாபு பேங்கில் இருந்தான். அவன் அம்மா, அத்தை என்று நாலு பெண்கள் வந்தார்கள். பஜ்ஜி, கேசரி, காபி எல்லாம் ஆனது. ஹம்சவேணியை எல்லோருக்கும் பிடித்துப்போனது. இங்கே ஒரு வழக்கம். பெண் வீட்டில் பார்த்ததெல்லாம் பாதிதான். மீதி பக்கத்து வீட்டில் இருக்கும். போகிற போக்கில் தண்ணீர் கேட்கிற சாக்கில் நுழைந்து விசாரித்துவிட்டுத்தான் போவார்கள். மாப்பிள்ளையின் அம்மா ஜோசபின் வீட்டுக்குள் போய் அரைமணி நேரம் இருந்தார். ரங்கநாயகி ஜன்னல் ஓரம் நின்று நகத்தைக் கடித்தாள். டீச்சருக்கு ஒன்றும் தெரியாது, நல்லபடியாகத்தான் சொல்லுவார் என்று ஆறுதல் பட்டுக்கொண்டாள்.

மறுநாள் மாப்பிள்ளையின் அம்மா போனில் சிரித்துப் பேசினார். நாள் பார்க்கலாம் என்றார். பேச்சுவாக்கில், "உங்க பக்கத்து வீட்டு டீச்சரம்மா நம்ம பாஷைய எம்புட்டு அழகாப் பேசுறாங்க. நான் அசந்து போயிட்டேன். ஒரு எழுத்துப் பிசகல" என்றார்.

அதற்கப்புறம் அவர் பேசியது எதுவும் ரங்கநாயகியின் காதில் ஏறவில்லை. ஊடை நூல் சுற்றும் மெஷினுக்கு முன்னால் போய் உட்கார்ந்து, எட்டு மாதமாக மாடியில் நின்று என்னென்ன பேசினோம் என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். வலிப்பு, மாத்திரை, டாக்டர் பெயர். டீச்சர் வீட்டுப் புளிக்குழம்பு பற்றி அடித்த கிண்டல். இன்னாசிமுத்து சாரின் வழுக்கை. எல்லாமே புரிந்திருக்கிறது. புரிந்துகொண்டே அந்த அம்மாள் தினமும் வாசலில் "சாப்பிட்டியா ரங்கநாயகி" என்று கேட்டிருக்கிறார். நூல் அறுந்து மெஷின் வெறுமனே ஓடியது. அவள் பார்க்கவில்லை.

பத்து நாள் கழித்துத் தரகர் வந்தார். காபிகூடக் குடிக்கவில்லை. "பொண்ணுக்கு வலிப்பு இருக்காமே. இதப் போய் மறைக்கலாமா? அவுக வேணாம்னுட்டாக" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினார்.

துளசிராம் தறிகளை நிறுத்திவிட்டு முன்னறைக்கு வந்து உட்கார்ந்தார். வீடு திடீரென்று அமைதியானதில் காது அடைத்துக்கொண்டது. ஹம்சவேணி சேலையை மாற்றிக்கொண்டு வேலைக்குப் புறப்பட்டுப் போனாள்.

"டீச்சர்தான்" என்றாள் ரங்கநாயகி. "அவுகளத் தவிர வேற யாருக்குத் தெரியும்? எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு இருந்துட்டு, நேரம் பாத்துப் போட்டுக் குடுத்துருக்காக."

"விசாரிக்காம வாய விடாத. அவுக அப்படிப்பட்டவுக இல்ல."

"அப்ப நானா போய்ச் சொன்னேன்?"

துளசிராம் நல்ல மனிதர். ஆனால் நல்ல மனிதர்கள் ஒரு வார்த்தைக்கு மேல் பேச மாட்டார்கள். அதுதான் அவர்களிடம் உள்ள கெட்ட பழக்கம்.

மறுநாள் காலை ஏழு மணிக்குத் தெருக் குழாயில் தண்ணீர் வந்தது. குடங்கள் வரிசை கட்டியிருந்தன. ஜோசபின் ஒரு பிளாஸ்டிக் குடத்தோடு வந்து, "ரங்கநாயகி, ஹம்சா விஷயம் கேள்விப்பட்டேன். மனச விட்டுறாத" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். ரங்கநாயகிக்கு அது எண்ணெய் ஊற்றியது மாதிரி ஆகிவிட்டது.

"கேள்விப்பட்டீகளா? யாருகிட்ட டீச்சர் கேள்விப்பட்டீக? ஊருக்கே சொன்னது நீங்கதான?"

"நான் என்ன சொன்னேன்?"

"நடிக்காதீக. எங்க பாஷை தெரியாத மாதிரி இருபது வருசமா நடிச்சீகள்ல, அது போதும். எம்மக வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்டுட்டீகளே. உங்க மகன் மஸ்கட்ல ஆளக் கொன்னுட்டு ஜெயில்ல கெடக்கானே, அத நான் யாருகிட்டயாவது சொன்னேனா?"

கேட்டு முடித்த பிறகுதான் அவளுக்கே தெரிந்தது, சொல்லிவிட்டோம் என்று.

குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. ஜோசபின் அவளைப் பார்க்கவில்லை. திரும்பித் தன் வீட்டு வாசலைப் பார்த்தார். ரங்கநாயகியும் பார்த்தாள். இன்னாசிமுத்து பால் தூக்கோடு படியில் நின்றுகொண்டிருந்தார்.

அவர் சத்தம் போடவில்லை, மார்பைப் பிடித்துக்கொண்டு விழவும் இல்லை. தூக்குவாளியை மெதுவாகப் படியில் வைத்தார். "ஜோசபின், உள்ள வா" என்றார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. ஜோசபின் குடத்தை அப்படியே விட்டுவிட்டுப் போனார். அந்தக் குடம் மத்தியானம் வரை குழாயடியில் கிடந்தது. யாரும் அதைத் தொடவில்லை.

அதற்கப்புறம் இன்னாசிமுத்து நூலகத்துக்குப் போகவில்லை. சாயங்காலம் வாசலில் நாற்காலியும் போடவில்லை. ஒருநாள் ஆட்டோ வந்து அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது. நாலு நாள் கழித்துத் திரும்பினார். முகம் சுருங்கிப் போயிருந்தது. பதினொரு மணிக்கு ரங்கநாயகி மாடிக்குப் போவதை நிறுத்திவிட்டாள். மனத்துக்குள் மட்டும், அவர்கள் செய்ததற்கு நான் செய்தது சரியாய்ப் போயிற்று என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அடிக்கடி சொல்ல வேண்டியிருந்தது.

புரட்டாசி பிறந்து முதல் மழை பெய்த மறுநாள், சிம்மக்கல்லில் பழக்கடைகளுக்கு முன்னால் டவுன் பஸ்ஸுக்கு நின்றபோது மாப்பிள்ளையின் அம்மா எதிரே வந்துவிட்டார். முகத்தைத் திருப்பிக்கொண்டு போகலாம் என்றுதான் ரங்கநாயகி நினைத்தாள். அந்த அம்மாளே கையைப் பிடித்தார். சேறு படாமல் ஒரு ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனார்.

"தப்பா நினைச்சுக்காதீங்க. எனக்கு உங்க பொண்ண ரொம்பப் புடிச்சுது. வீட்ல ஆம்பளைங்க ஒத்துக்கல. நீங்களே சொல்லியிருந்தா ஒருவேள பேசிப் பாத்திருப்பேன்."

"எங்க சொல்ல விட்டாக? அதுக்குள்ள அந்த டீச்சரு..."

"டீச்சரா? அவங்க என்ன செஞ்சாங்க?"

"அவுகதானே உங்ககிட்ட..."

மாப்பிள்ளையின் அம்மா விழித்தார். "அய்யோ பாவம், அவங்கள ஏன் சொல்றீங்க? உங்க பரமக்குடி அக்கா மருமக எங்க ஓரகத்திக்குத் தங்கச்சி மக. அவளுக்கு உங்க அக்கா சொல்லியிருக்காங்க. மனசு கேக்கலன்னு அவ எங்க ஓரகத்திகிட்டச் சொல்லிட்டா. டீச்சரம்மாகிட்ட நான் நேராவே கேட்டேன், பொண்ணுக்கு உடம்புல ஏதாவது உண்டா, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்லன்னு. 'அது நான் அ, ஆ எழுதிக் குடுத்த புள்ள. அவகிட்ட ஒரு குறையும் இல்ல, யோசிக்காமக் கட்டிக்கிட்டுப் போங்க'ன்னாங்க. நம்ம பாஷையிலயே சொன்னாங்க. ஒரு பொண்ணுக்காக அம்புட்டுப் பரிஞ்சு யாரும் பேசிக் கேட்டதில்ல."

பஸ் வந்து போனது. ரங்கநாயகி ஏறவில்லை. சிம்மக்கல்லிலிருந்து பாலத்தில் நடந்தே வந்தாள். வைகையில் கணுக்கால் அளவுக்குச் செந்தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. இத்தனை காலமும் பூட்டு என்று நம்பியிருந்த பாஷை, அவள் வீட்டு ரகசியத்தைப் பரமக்குடி சுற்றிக் காமராஜர் சாலை வரை கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டது. அந்நியத்தி என்று நினைத்தவர் கையில்தான் அது பத்திரமாக இருந்திருக்கிறது. பாலத்தின் பாதியில் அவளுக்கு அழுகை வந்தது. சைக்கிளில் போகிறவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

அன்றைக்கே போய்க் காலில் விழுந்திருக்க வேண்டும். விழவில்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவே பத்தடி. ஒவ்வொரு நாளும் அந்தப் பத்தடி கூடிக்கொண்டே போனது. புளியோதரை கிளறி, தூக்கில் போட்டு, வாசல் வரை போய்த் திரும்பி வந்தாள். துளசிராம் அதைப் பார்த்தார். "நான் வேணா வரட்டா?" என்றார். "நானே போறேன்" என்றாள். போகவில்லை.

ஐப்பசி முதல் வாரத்தில் பக்கத்து வீட்டு வாசலில் ஒரு மினி லாரி வந்து நின்றது. திண்டுக்கல்லில் தம்பி வீட்டுப் பக்கம் போகிறார்களாம். "சாரால இந்தத் தெருவுல நடக்க முடியலையாம்" என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். கட்டில், பீரோ, மாதா படம், கடைசியாக ஒரு அட்டைப்பெட்டிக்குள் கார்ட்லெஸ் போன். ஏரியல் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. இன்னாசிமுத்து முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து நேரே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜோசபின் வீட்டைப் பூட்டினார். ரங்கநாயகி கிட்டப் போய் நின்றாள். என்னென்னவோ சொல்ல வேண்டும் என்று பல நாளாகக் கோத்து வைத்திருந்தாள். ஒரு வரிதான் வந்தது.

"டீச்சர், நீங்க சொல்லலன்னு எனக்குப் பெறகுதான் தெரிஞ்சது" என்றாள்.

ஜோசபின் சாவியைப் பைக்குள் போட்டார். "அந்த லைன்ல உன் பேச்சு எனக்குக் கேக்கும்னா என் பேச்சும் உனக்குக் கேக்குந்தான? ஜெரால்ட் விஷயம் உனக்குத் தெரியும்னு எனக்குச் சித்திரையிலயே தெரியும் ரங்கநாயகி. பூத்துல போய்ப் பேசலாமான்னு நினைச்சேன். அங்க நாலு பேர் நிப்பாங்க. இங்க நீ ஒருத்திதான. சாருகிட்ட நீ ஒரு வார்த்த விடல. ரங்கநாயகிதான இருக்கா, பரவாயில்லன்னு அதுலயே பேசிக்கிட்டு இருந்தேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருக்கலாம். கணக்குப் பாடம் சொல்லுகிற குரலில் சொன்னார். ரங்கநாயகி தலையைக் குனிந்துகொண்டாள்.

லாரிக்காரர் ஹாரன் அடித்தார். ஜோசபின் படியிறங்கி இரண்டடி போனவர், நின்று திரும்பினார். அப்போது பேசியது சௌராஷ்டிரம். மாப்பிள்ளையின் அம்மா சொன்னது சரிதான்; ஒரு எழுத்துப் பிசகவில்லை.

"ஹம்சாவுக்கு மாத்திரையை நிறுத்திடாதே. உங்க அக்கா சொல்றதைக் கேக்காதே. எட்டு மணிக்குச் சோறு சாப்பிட்டதும் குடு. ஒரு நாள்கூட விடாதே."

அவ்வளவுதான். லாரி சந்து முனையில் ஒடித்துத் திரும்பிப் போய்விட்டது.

சாயங்காலம் ஹம்சவேணி வேலையிலிருந்து வந்தாள். பூட்டிய கதவைப் பார்த்துக்கொண்டே செருப்பைக் கழற்றினாள். "டீச்சர் போகும்போது ஏதாவது சொன்னாங்களாம்மா?"

"உனக்கு மாத்திரை குடுக்கச் சொன்னாக. நம்ம பாஷையில சொன்னாக."

"அவங்களுக்கு யாரும்மா சொல்லிக் குடுத்தாங்க நம்ம பாஷைய?"

"ஒண்ணாங் கிளாஸ்ல நீங்கள்லாந்தான்" என்றாள் ரங்கநாயகி.

ஒரு வாரம் கழித்து நல்லகாமன் வேறு வேலையாக அந்தப் பக்கம் வந்தவன், கேட்காமலே உள்ளே வந்து ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தான். "கிறிஸ்டலே மாத்த வேணாம் மதினி. கொரகொரப்பு சுத்தமா நின்னுபோச்சு. இனி இந்த இடம் பூரா உங்களுக்குத்தான்" என்றான்.

இப்போதும் பதினொரு மணிக்கு அவள் மாடிக்குப் போகிறாள். நூல் காயப் போடத்தான் போகிறாள். சில நாள் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தபடி நிற்பாள். லைன் தெளிவாக இருக்கும். நின்றுவிட்டு, இறங்கி வந்து, ராத்திரி எட்டு மணிக்குச் சோறு போட்டு, மாத்திரையைப் பிரித்து மகள் கையில் கொடுத்து, அவள் விழுங்கும் வரை பக்கத்திலேயே நிற்பாள்.